எரிகிறது / எரியவில்லை

கீழ்நொய்யல் போக்குவரத்துக் கழகத்தின் ஏழாம் நம்பர் டிப்போவில் ஐம்பத்திரண்டு பஸ்கள். அந்த ஐம்பத்திரண்டிலும் சேர்த்து ஒழுங்காக எரிகிற விளக்கை எண்ணச் சொன்னால் இரண்டு கை விரலே அதிகம். உள்விளக்கு எரியாது. ஊர்ப்பலகை விளக்கு எரியாது. முன்விளக்கில் ஒன்று எரிந்தால் இன்னொன்று அதற்கு மரியாதை கொடுத்து அணைந்துவிடும். அப்படிப்பட்ட டிப்போவில் ஒரு திங்கட்கிழமை காலை, நாற்பத்தேழாம் நம்பர் பஸ்ஸின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்தப் பஸ்ஸில் எரியக்கூடாத விளக்கு அது ஒன்றுதான்.

ஓட்டுநர் வெள்ளியங்கிரி இஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார். மனுசனுக்கு வயசு ஐம்பத்தேழு. இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூடச் சக்கரத்தை ஏற்றியதில்லை. அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். நாற்பத்தேழு ஏர் பிரேக் வண்டி. டேங்கில் காற்று இருந்தால்தான் பிரேக் பிடிக்கும். இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு எரியும், காற்று நிறைந்ததும் அணைந்துவிடும். அணையாமல் நின்று எரிந்தால், காற்று எங்கேயோ ஒழுகுது, இனிமேல் பிரேக்கை நம்பாதே என்று அர்த்தம். இதையே கத்திச் சொல்ல ஒரு பஸ்ஸரும், அளந்து சொல்ல ஒரு முள்ளும் அந்த வண்டியில் உண்டு. பஸ்ஸர் செத்துப் பல வருஷமாயிற்று. முள் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டு நகர மறுத்துவிட்டது. ஆகவே உண்மை பேச அந்த விளக்கு ஒன்றுதான் மிச்சம்.

வெள்ளகோவிலில் எட்டு நாற்பதுக்குக் கிளம்பித் தாராபுரம் போகிற நடை அவருடையது. நூல் மில்லுக்கும் அரிசி மில்லுக்கும் போகிற பெண்கள் எழுபது பேர் படி வரைக்கும் நிற்பார்கள். பாதி வழியில் ஊசிக்கரட்டு இறக்கம் வரும். அரைக் கிலோமீட்டர் செங்குத்தாக இறங்கி, ரோடு வளைகிற இடத்தில் அரசுப் பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்குக் குழந்தைகள் கோழிக்கூட்டம் மாதிரி ரோட்டைக் கடந்துகொண்டிருப்பார்கள். அங்கே பிரேக் பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று வெள்ளியங்கிரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு முதல் கியரிலேயே உருட்டி உருட்டி இறக்கிவிட்டு, தாராபுரத்திலிருந்து நேராக டிப்போவுக்கு வந்து ஃபிட்டர் தனபாலைத் தேடினார்.

தனபாலுக்குக் கோளாறைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கண்டக்டர் எழில் கைப்பையிலிருந்து ஒரு ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். தனபால் அதை டீக்கிளாஸில் தண்ணீர் விட்டுக் கலக்கி, பஸ்ஸுக்கு அடியில் படுத்து, குழாய் குழாயாகத் தடவிக்கொண்டே போனான். ஏர் டேங்கிலிருந்து போகிற ரப்பர் ஹோஸில் தடவியதும் குபுகுபுவென்று நுரை பொங்கியது. ஹோஸ் நெடுக வெடித்துக் கிடந்தது.

"இத்தனைதானுங்ணா. ஸ்டோர்ல புது ஹோஸ் ரெண்டு டஜன் கெடக்குது. மாத்த அரை மணி நேரம் ஆகும்" என்றான். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "ஜாப் கார்டு வாங்கிட்டு வந்துருங்க" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது வினை.

ஜாப் கார்டு என்கிற வேலைச்சீட்டு கம்ப்யூட்டரில்தான் வரும். கழகம் போன வருஷம்தான் நவீனமானது. அதற்கு முன்னால் ஓட்டுநர்கள் ஒரு பழைய நோட்டில் தங்களுக்குத் தெரிந்த தமிழில் குறையை எழுதி வைப்பார்கள், ஃபிட்டர் படித்துப் பார்த்து ரிப்பேர் செய்வார். இந்த முறையில் வேலை நடந்துகொண்டிருந்ததைக் கவனித்த தலைமை அலுவலகம் அதை உடனே நிறுத்திவிட்டது. இப்போது கம்ப்யூட்டர் முன்னால் பிரீத்திகா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கேள்வியைப் படிப்பாள், இரண்டு பதிலில் ஒன்றை ஓட்டுநர் சொல்ல வேண்டும்.

"விளக்குகள். எரிகிறதா, எரியவில்லையா? எதைப் போடட்டுங்ணா?"

"எரியுது அம்மணி. அதுதான் கம்ப்ளெயிண்ட்."

அவள் 'எரிகிறது' என்பதை அழுத்தினாள். திரையில் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. 'குறை ஏதுமில்லை. வாழ்த்துகள்.'

வெள்ளியங்கிரி விளக்கினார். எரியக்கூடாத விளக்கு எரிகிறது என்றார். எரியக்கூடாத விளக்கு என்று ஒன்றைக் கழகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பிரீத்திகா சொன்னாள். விளக்கு என்றால் எரிய வேண்டும், எரியாவிட்டால் பல்பு கொடுப்பார்கள், அவ்வளவுதான் அந்தப் பக்கம். சரி, பிரேக் என்று ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. 'பிடிக்கிறது / பிடிக்கவில்லை.' இன்றைக்கு வரைக்கும் பிடிக்கிறது, நாளைக்குப் பிடிக்குமா என்றுதான் தெரியவில்லை என்றார் அவர். நாளைக்கு என்று ஒரு பதில் இல்லை. 'பிடிக்கவில்லை' என்றே போடு தாயி என்றார். போட்டாள். உடனே திரை சிவந்து, விபத்துப் பிரிவுக்குப் போய் நின்றது. விபத்து நடந்த இடம், போலீஸ் வழக்கு எண், காயம்பட்டோர் எண்ணிக்கை. அவள் சைபர் என்று போட்டாள். கம்ப்யூட்டர் வாங்க மறுத்தது. குறைந்தபட்சம் ஒருவராவது காயம்பட்டிருக்க வேண்டும்.

"ஒருத்தராச்சும் அடிபட்டாத்தானுங்ணா மேல போகுமாம்" என்றாள் பிரீத்திகா. சொல்லிவிட்டு அவளுக்கே சங்கடமாகிக் குனிந்துகொண்டாள்.

வெள்ளியங்கிரி கிளை மேலாளர் அர்த்தநாரியைப் போய்ப் பார்த்தார். அர்த்தநாரி நெம்ப மரியாதைக்காரர். ஆளைச் சஸ்பெண்டு செய்தாலும் 'ஏனுங்க, உட்காருங்க' என்று சேரை இழுத்துப்போட்டு, டீ வாங்கிக்கொடுத்துத்தான் செய்வார். சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். ஹோஸ் வெடித்த கதையையும், நுரை வந்த கதையையும், இறக்கத்தையும் பள்ளிக்கூடத்தையும் எல்லாம் கேட்டுவிட்டு, பெருமூச்சு விட்டார்.

"ஏனுங்க வெள்ளியங்கிரி, நம்ம டிப்போவுல அம்பத்திரண்டு வண்டி. அம்பத்தியொரு வண்டியில லைட்டு எரியலைன்னு மண்டலத்துல என்னைய நிக்க வெச்சுக் கேக்கறாங்க. ஒத்த வண்டி உங்க வண்டி, அதுல ஒண்ணு எரியுது. அதையும் கம்ப்ளெயிண்டுன்னு வந்து நிக்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? எரியறது குத்தம்னா கோயில்ல எதுக்குங்க வெளக்கு போடறோம்?"

இருபத்தொன்பது வருஷமாக ரோட்டைப் பார்த்தே பழகியவருக்கு இந்த மாதிரி வளைவெல்லாம் எதிர்பாராதது. ஹோஸை மட்டும் மாற்றிக்கொடுத்தால் போதுமுங்க என்றார். ஜாப் கார்டு இல்லாமல் ஒரு நட்டைத் தொட்டாலும் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று அர்த்தநாரி சொன்னார். எழுதிக் கொடுங்க, மண்டலத்துக்கு அனுப்பறேன் என்றார். டீ நன்றாக இருந்தது.

எழுதிக் கொடுத்தார். 'ஐயா, நாற்பத்தேழாம் நம்பர் பஸ்ஸில் பிரேக் லைட் தொடர்ந்து எரிகிறது. தயவுசெய்து உடனடி நடவடிக்கை எடுக்கவும்.' இந்த இரண்டு வரியில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தார். கழகத்தைக் குறைவாக எடை போட்டுவிட்டார் பாவம்.

பத்து நாள் கழித்து மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு வேன் வந்தது. அதிலிருந்து இரண்டு சிவப்பு வாளியை இறக்கினார்கள். இரண்டிலும் மணல். மேலே எங்கேயோ ஒரு புண்ணியவான் கடிதத்தில் 'பஸ்' என்ற சொல்லையும் 'எரிகிறது' என்ற சொல்லையும் மட்டும் படித்திருக்கிறார். வந்தவர்கள் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் கொக்கி அடித்து வாளிகளை மாட்டினார்கள். எழில் டிக்கெட் கிழிக்க முன்னால் வந்தபோதெல்லாம் முட்டியில் இடித்துக்கொண்டாள். பஸ் இன்னும் முழுசாக நிற்பதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், 'எரியாத பேருந்து எரிவதாகப் பொய்த் தகவல் அளித்தமைக்கு' ஒரு மெமோ அனுப்பினார்கள்.

எரிவது பஸ் அல்ல, பிரேக் லைட் என்று வெள்ளியங்கிரி பதில் எழுதினார். பதிலுக்கு மறு மெமோ வந்தது. அதை எழில் சத்தம்போட்டுப் படித்தாள். 'பிரேக் லைட் என்பது பேருந்தின் பின்புறம் அமைந்துள்ளது. இருக்கையில் அமர்ந்து முன்புறம் நோக்கி ஓட்ட வேண்டிய ஓட்டுநராகிய தாங்கள், பின்புறம் உள்ள விளக்கு எரிவதை எவ்வாறு கண்டீர்கள்? பணி நேரத்தில் பின்னால் பார்த்துக்கொண்டு பேருந்தை இயக்கியதற்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?'

"அண்ணா, இவனுகளுக்கு வண்டியில முன்னால எது, பின்னால எதுன்னாவது தெரியுமுங்களா?" என்றாள் எழில். தனபால் ஸ்பேனரைத் தூக்கி எறிந்தான்.

அதற்கும் பதில் போனது. விஷயம் முற்றி, மூன்று பேர் கொண்ட குழு ஒன்று கோயமுத்தூரிலிருந்து வந்து இறங்கியது. அவர்கள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். விளக்கு எரிந்தது. ஒருவர் நன்றாக எரிகிறது என்றார். இன்னொருவர் மிக நன்றாக எரிகிறது என்று எழுதிக்கொண்டார். மூன்றாமவருக்குத்தான் கொஞ்சம் மூளை இருந்தது. விளக்கு சரியாக இருக்கும்போது ஓட்டுநர் குறை சொல்கிறார் என்றால் குறை ஓட்டுநரின் கண்ணில் இருக்கலாமே என்றார். வெள்ளியங்கிரியைக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் கலர் கலராகப் புள்ளி போட்ட புத்தகத்தைக் காட்டி, ஒரு சான்றிதழ் கொடுத்தார். 'இவர் சிவப்பைச் சிவப்பாகவே பார்க்கிறார்.' இந்த டிப்போவில் அப்படிப் பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்பது டாக்டருக்குத் தெரியாது.

இதற்குள் முப்பது நாள் ஓடிவிட்டது. முப்பது நாளும் அந்தப் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓட்ட மாட்டேன் என்று சொன்னால் வேறு ஆளைப் போட்டு ஓட்டுவார்கள், அவனுக்கு அந்த ஹோஸ் விஷயமே தெரியாது என்ற பயத்தில்தான் வெள்ளியங்கிரி சாவியை விடாமல் வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் ஊசிக்கரட்டு உச்சியில் பஸ்ஸை ஓரங்கட்டுவார். இஞ்சினை உறுமவிட்டு ஐந்து நிமிஷம் காற்றேற்றுவார். மருதமலை முருகனை நினைத்துக்கொண்டு முதல் கியரில் இறக்குவார். கீழே பள்ளிக்கூடத்தைத் தாண்டுகிற வரைக்கும் கியர் மாற்றமாட்டார். நேரம் தவறியதற்குத் தனியாக மெமோ வந்துகொண்டிருந்தது.

பெண்கள் முதலில் சத்தம் போட்டார்கள். பாவாத்தாள் என்று நூல் மில்லுக்குப் போகிறவள், முன்சீட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். தினமும் இங்கே நிறுத்தி வேடிக்கை காட்டறீங்களே, அங்கே சூப்பர்வைசர்கிட்ட நீங்களா பாட்டு வாங்கறீங்க என்று கேட்டாள். வெள்ளியங்கிரி எதையும் மறைக்கவில்லை. விளக்கைக் காட்டினார், அர்த்தத்தைச் சொன்னார், கீழே பள்ளிக்கூடத்தைக் காட்டினார். பாவாத்தாளின் மகள் வர்ஷினி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஆறாவது படித்தாள். அன்றிலிருந்து பாவாத்தாள் விளக்கையே பார்த்துக்கொண்டு வருவாள்.

கடைசியில் வழி சொன்னவள் பிரீத்திகாதான். ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவ வந்த இடத்தில், யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, "எரியலைன்னு வந்து சொல்லுங்ணா. ஜாப் கார்டு தானா வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளியங்கிரிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் பொய்யை உண்மையாக்கிக்கொண்டார். விளக்கின் பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், கம்ப்யூட்டர் முன்னால் நின்று, லைட் எரியலைங்க அம்மணி என்றார். அவ்வளவுதான். டிப்போவே ஆடிப்போயிற்று. 'எரியவில்லை' என்று அழுத்திய மறு நிமிஷம் ஜாப் கார்டு வந்தது. அர்த்தநாரி அறையை விட்டு ஓடி வந்தார். மண்டலத்தில் நமக்கு இருந்த ஒரே நல்ல பேரும் போச்சுங்களே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வேலை முடிகிற வரைக்கும் வண்டியை வெளியே எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். பிரேக் போகிறது என்று நாற்பது நாள் கதறியபோது ஓடிய வண்டி, பல்பு எரியவில்லை என்றதும் நின்றுவிட்டது.

தனபால் ஜாப் கார்டில், 'விளக்கு எரியத் தேவைப்படும் பொருள்: ரப்பர் ஹோஸ் – 1' என்று எழுதி ஸ்டோரில் நீட்டினான். விளக்குக்கு எதற்கு ரப்பர் ஹோஸ் என்று யாரும் கேட்கவில்லை. கார்டில் இருந்தது, கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் மாட்டி முடித்தான். ஷாம்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். ஒரு குமிழி வரவில்லை. பல்பைத் திரும்பப் போட்டு வெள்ளியங்கிரி இஞ்சினை ஸ்டார்ட் செய்தார். சிவப்பு எரிந்தது. காற்று ஏறியது. சிவப்பு அணைந்தது. அந்த மனுசன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

அப்போது சரிபார்க்க அர்த்தநாரி வந்தார். எட்டிப் பார்த்தார்.

"எரியலையேங்க."

காற்று நிறைந்ததால் அணைந்திருக்கிறது, அதுதான் சரி என்று தனபால் சொன்னான். ஜாப் கார்டை மூட வேண்டுமானால் 'எரிகிறது' என்று போட வேண்டும் என்று அர்த்தநாரி சொன்னார். கம்ப்யூட்டர் அதைத்தான் கேட்கும். விடிந்தால் பாதுகாப்பு வாரம். பொது மேலாளர் 'பயணிகளோடு பயணம்' என்று ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறார், விளக்குப் பராமரிப்பில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரே வண்டி என்று நாற்பத்தேழைத் தேர்ந்தெடுத்துச் சொல்லியாகிவிட்டது.

"நேத்து வரைக்கும் சொகமா எரிஞ்சிட்டிருந்த லைட்டை ரிப்பேர் பண்ணிக் கெடுத்துப்போட்டீங்களே" என்றார் அர்த்தநாரி. "எதைப் போட்டதும் அணைஞ்சுதுங்க? இந்த ஹோஸ்தானுங்களே? கழட்டிப்போட்டுப் பழசையே மாட்டுங்க."

வெள்ளியங்கிரி பஸ்ஸை விட்டு இறங்கினார். தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மேலதிகாரியை அடித்துவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. தனபால் அவர் தோளைத் தொட்டான். செஞ்சுபோடலாமுங்க சார், நீங்க டீ குடிச்சுட்டு வாங்க என்று அர்த்தநாரியை அனுப்பிவிட்டு, புது ஹோஸைத் தொடாமல், விளக்கின் வயரை மட்டும் அறுத்து நேராக பேட்டரியில் கொடுத்தான். இஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், இனி அது எரியும். அர்த்தநாரி டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். அவர் முகத்திலும் விளக்கு எரிந்தது. கார்டு மூடப்பட்டது. 'குறை ஏதுமில்லை. வாழ்த்துகள்.'

பாதுகாப்பு வாரத்தின் முதல் நாள் எட்டு நாற்பது பஸ்ஸில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பொது மேலாளர் முன்சீட்டில் உட்கார்ந்தார். அவருக்காகப் பாவாத்தாளை எழுப்பிப் பின்னால் நிற்க வைத்தார்கள். அர்த்தநாரியும் மற்ற அதிகாரிகளுமாக மொத்தம் ஒன்பது பேர். பொது மேலாளர் கையில் மைக் இருந்தது. பஸ் கிளம்பியதிலிருந்து ஊசிக்கரடு வரைக்கும் அவர் பேசினார். கழகத்துக்குப் பயணிகளின் உயிர்தான் மூச்சு என்றார். ஒரு சின்ன எச்சரிக்கையைக்கூட நாங்கள் அலட்சியம் செய்வதில்லை, குழு போட்டு ஆராய்கிறோம் என்றார். இந்தப் பஸ் என் சொந்த வீடு மாதிரி, என் குழந்தைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றி அனுப்புவேன் என்றார். அவர் குழந்தைகள் இரண்டும் காரில்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

ஊசிக்கரட்டு உச்சி வந்ததும் வெள்ளியங்கிரியின் கால் பழக்கத்தில் தானாக பிரேக்கை மிதித்தது. பஸ் ஓரங்கட்டி நின்றது. கீழே பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சைக் கொடியோடு காத்திருந்தது தெரிந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கத் திரும்பிய பொது மேலாளர், அப்போதுதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக எரிவதைப் பார்த்தார்.

"இதென்ன லைட்டுங்க?"

இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் கழகம் வெள்ளியங்கிரியிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"ஏர் இல்லீன்னு அர்த்தமுங்க சார். பிரேக் புடிக்காதுன்னு சொல்ற லைட்டுங்க."

ஆனா இப்போ ஹோஸ் மாற்றியாகிவிட்டது என்று அடுத்த வாக்கியத்தையும் சொல்லத்தான் வாயெடுத்தார். கேட்க ஆள் இல்லை. மைக் கீழே உருண்டுகொண்டிருந்தது. பொது மேலாளர் முன்படி வழியாகப் போய்விட்டார். அவர் பின்னாலேயே, பதவி வரிசையெல்லாம் பார்க்காமல், ஏழு பேர் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு குதித்தார்கள். அர்த்தநாரி பின்பக்கம் இருந்தார். அவசர ஜன்னலைத் திறந்துகொண்டு, முன்னால் மணல் வாளியில் காலை விட்டவர் ஒருவரின் அலறலையும் பொருட்படுத்தாமல், வெளியே இறங்கினார். போகிற போக்கில் ஒருவருக்கும் 'ஏனுங்க' சொல்லவில்லை.

பெண்கள் எழுபது பேரும் அசையாமல் இருந்தார்கள். எழில் படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க சார், எல்லாரும் எறங்கிட்டீங்க? நாங்க நாப்பது நாளா இதுலதானுங்க போறோம்."

அவள் விசிலை ஊதினாள். பாவாத்தாள் தன் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஒன்பது அதிகாரிகளும் இறக்கத்தில் நடந்துபோக, அவர்கள் பின்னால், நாற்பது நாளில் முதல் முறையாக நல்ல பிரேக்கோடு, நாற்பத்தேழாம் நம்பர் பஸ் வாழைமரம் ஆட ஆட மெல்ல இறங்கியது. குழந்தைகள் நடந்து வந்தவர்களுக்குக் கொடி அசைத்தார்கள். பொது மேலாளர் மூச்சு வாங்க, பள்ளிக்கூட வாசலில் போட்டிருந்த மேடை ஏறி, பாதுகாப்பை வலியுறுத்தி இன்று நாங்கள் நடந்தே வந்தோம் என்று பேசினார். மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்தது.

மூன்றாம் நாள் மெமோக்கள் வந்தன. நிறுத்தம் அல்லாத இடத்தில் ஒன்பது பேரை இறக்கிவிட்டதற்காக எழிலுக்கு ஒன்று. விளக்கின் பொருளை உரிய அனுமதியின்றி வெளிப்படுத்திப் பீதியை உண்டாக்கியதற்காக வெள்ளியங்கிரிக்கு ஒன்று. கூடவே எல்லா டிப்போவுக்கும் ஒரு சுற்றறிக்கை. மேற்படி சிவப்பு விளக்கு பயணம் செய்வோருக்கு அச்சத்தை ஏற்படுத்துவதால், அனைத்துப் பேருந்துகளிலிருந்தும் உடனே அகற்றப்பட வேண்டும்.

தனபால் இரண்டு நாள் உட்கார்ந்து ஐம்பத்திரண்டு வண்டியிலும் கழற்றினான். கழற்றிய பல்புகளை என்ன செய்வது என்று அர்த்தநாரி யோசித்தார். டிப்போ வாசலில் 'பாதுகாப்பே முதல்' என்று ஒரு வளைவு உண்டு. அதைச் சுற்றி ஐம்பத்திரண்டையும் மாலையாகக் கோத்துப் போட்டார்கள். பகலிலும் எரியும். விளக்குப் பராமரிப்பில் அந்த வருஷம் ஏழாம் நம்பர் டிப்போவுக்குத்தான் கேடயம். பஸ்கள் எல்லாம் அதற்கு அடியில் புகுந்துதான் ரோட்டுக்குப் போகின்றன.

ஓட்டுநர்கள் இப்போது டிப்போ எதிரே டீக்கடையில் ஷாம்பு பாக்கெட் வாங்கிக்கொள்கிறார்கள். வெள்ளியங்கிரி தினமும் ஊசிக்கரட்டு உச்சியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, டீக்கிளாஸோடு அடியில் போய்ப் படுக்கிறார். யாரும் நேரமாயிற்று என்று சொல்வதில்லை. பாவாத்தாள் இறங்கி வந்து சேலையைச் சொருகிக்கொண்டு, கிளாஸைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் அவள் குனிந்து கேட்டாள். "நொரை வருதுங்களா?"

"இல்லீங்க அம்மணி."

"வந்துச்சுன்னா என்னுங்க பண்ணுவீங்க?"

வெள்ளியங்கிரி வெளியே வந்து முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன்.

"எழுதிக் குடுக்கோணுமுங்க" என்றார்.

பாவாத்தாள் கிளாஸை அவர் கையில் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறித் தன் சோத்துப்பையை எடுத்துக்கொண்டு, திரும்ப இறங்கி, ஊசிக்கரட்டு இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள்.